கைத்தொழிலும் தன்னம்பிக்கையும்: கேம்ப்ஹில் இயக்கத்தின் வரலாறு

முன்னுரை

பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிரம்பும் நாள் பெற்றோர்க்குப் பெருமித நாள். ஆயின் ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கமோ, டவுன் சிண்ட்ரோமோ, அறிவுத்திறன் வளர்ச்சிக் குறைபாடோ உடைய பிள்ளையைப் பெற்ற இல்லங்களில் அந்நாள் கவலையோடுதான் விடிகிறது. அதுவரை சென்றுவந்த சிறப்புப் பள்ளியின் காலம் முடிவுக்கு வருகிறது. உடன் பிறந்தோர் கல்லூரிக்கும் அலுவலகத்திற்கும் புறப்பட்டுச் செல்ல, அப்பிள்ளை மட்டும் வீட்டின் ஒரு மூலையில் தங்கிவிடுகிறது. "எங்கள் காலத்திற்குப் பின் இவன் என்ன செய்வான்? இவளை யார் பார்த்துக்கொள்வார்?" என்னும் வினா பெற்றோரின் உறக்கத்தைக் கெடுக்கிறது.

இவ்வினா புதியதன்று. ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன், நாடிழந்து வந்த ஒரு சிறு குழுவினர் இதே வினாவை எதிர்கொண்டனர். தறியிலும் தச்சுப்பட்டறையிலும் அடுமனையிலும் அவர்கள் அதற்கு விடை தேடினர். அவர்கள் உருவாக்கிய கேம்ப்ஹில் இயக்கத்தின் வரலாறு, கைத்தொழில் மனிதனுக்கு எதைத் தரும் என்பதையும், எதைத் தருவதற்கு அது மட்டும் போதாது என்பதையும் ஒருங்கே உணர்த்துகிறது.

கையின் வழியே அறிவு

அறிவு வளர்ச்சியில் பின்தங்கியோர்க்குக் கல்வி புகட்ட இயலாது என்பதே பல நூற்றாண்டுகளாக ஐரோப்பாவில் நிலவிய எண்ணம். 1800ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் அவெரோன் பகுதிக் காட்டில் தனித்துத் திரிந்த சிறுவன் ஒருவன் பிடிபட்டான். மருத்துவர்கள் பலர் அவனைக் கைவிட்டனர். ழான் இதார் என்னும் இளம் மருத்துவர் மட்டும் அவனுக்குக் கற்பிக்க முற்பட்டார். விக்டர் எனப் பெயரிடப்பட்ட அச்சிறுவன் பேசக் கற்றுக்கொள்ளவில்லை. எனினும் புலன்களைப் பயிற்றுவித்தால் மாற்றம் நிகழும் என்பதை இதாரின் முயற்சி காட்டியது.

இதாரின் மாணவர் எதுவார் செகுவேன் இக்கருத்தை மேலும் வளர்த்தார். கையும் கண்ணும் முதலில் பழக வேண்டும்; கருத்து அதன்பின் தெளியும் என்பது அவர் கண்ட முறை. அவருடைய நூல்களைப் பயின்றவரே இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி. மழலையர் பள்ளிகளோடு இணைத்தே இன்று அவர் பெயர் அறியப்படுகிறது. ஆனால் அவர் தம் பணியைத் தொடங்கியது உரோமை நகரில், அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளிடையேதான். அப்பிள்ளைகளுட் சிலர் பிற குழந்தைகள் எழுதிய தேர்விலேயே தேறியது அந்நாளில் பெரும் வியப்பை விளைவித்தது.

வட ஐரோப்பாவில் வேறொரு நீரோட்டம் தோன்றியது. பின்லாந்தின் கல்வியாளர் ஊனோ சிக்னேயஸ் முயற்சியால் 1866ஆம் ஆண்டு அந்நாட்டு மக்கள் பள்ளிகளில் கைத்தொழில் கட்டாயப் பாடமாயிற்று. சுவீடனில் ஆட்டோ சாலமன் அதனை முறைப்படுத்தினார். எளியதிலிருந்து அரியதற்கும், தெரிந்ததிலிருந்து தெரியாததற்கும் படிப்படியாகச் செல்லுதல், மாணவர் செய்யும் பொருள் வீட்டிற்குப் பயன்படுவதாக இருத்தல் என்பன அம்முறையின் கோட்பாடுகள். தொழிலாளரை உருவாக்குவது அதன் நோக்கமன்று. முழு மனிதரை உருவாக்குவதே நோக்கம். பின்னாளில் சிறப்புக் கல்வியில் கைத்தொழில் பெற்ற இடத்திற்கு இக்கருத்துகள் துணையாயின.

வியன்னாவின் இருண்ட நாள்கள்

கேம்ப்ஹில் இயக்கத்தை நிறுவிய கார்ல் கூனிக் 1902ஆம் ஆண்டு வியன்னா நகரில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். வியன்னாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1927இல் பட்டம் பெற்றார். ருடால்ஃப் ஸ்டைனரின் சிந்தனைகளில் ஈடுபாடு கொண்டு, சிறப்புத் தேவையுடைய குழந்தைகளுக்கான இல்லங்களில் பணியாற்றினார். அன்றைய செருமனியின் சைலீசியப் பகுதியில் இருந்த பில்கிராம்ஸ்ஹைன் இல்லத்தில் அவர் பல ஆண்டுகள் தொண்டு புரிந்தார். நாஜிகளின் ஆட்சியில் யூத மருத்துவர் ஒருவர் அங்கு நிலைத்திருக்க இயலவில்லை. 1936இல் வியன்னாவுக்குத் திரும்பினார். 1938 மார்ச்சில் இட்லரின் படைகள் ஆஸ்திரியாவுக்குள் புகுந்தபோது அங்கும் வாழ்வு முடிந்தது. கூனிக்கும் அவரைச் சூழ்ந்திருந்த இளைஞர்களும் பல திசைகளில் சிதறினர்.

அதே வியன்னாவில் மற்றொரு மருத்துவர் இருந்தார். அவர் பெயர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர். பிறரோடு பழகுவதில் இடர்ப்பட்டாலும், தமக்கு விருப்பமான துறையில் ஆழ்ந்த திறன் காட்டிய சிறுவர்களைப் பற்றி 1944இல் அவர் வெளியிட்ட கட்டுரை, ஆட்டிசம் பற்றிய ஆய்வில் புகழ்பெற்றது. நெடுங்காலம் அவர் அக்குழந்தைகளைக் காத்தவர் என்றே போற்றப்பட்டார். 2018இல் வெளிவந்த ஆவண ஆய்வு அப்புகழைக் குலைத்தது. வியன்னாவின் ஸ்பீகல்குருண்ட் என்னும் மருத்துவ நிலையத்திற்கு அவர் குழந்தைகளை அனுப்பியமை அவ்வாய்வில் வெளிப்பட்டது. அந்நிலையத்தில் எண்ணூற்றுக்குச் சற்றுக் குறைந்த குழந்தைகள் மாண்டனர். அவர்களுட் பலர் திட்டமிட்டுக் கொல்லப்பட்டவர்கள்.

குழந்தைகளோடு அக்கொடுமை நிற்கவில்லை. 1939இல் இட்லர் ஒப்பமிட்ட ஆணையொன்றின் பேரில், மனநல விடுதிகளிலும் காப்பகங்களிலும் இருந்தோர் தேர்ந்தெடுத்துக் கொல்லப்பட்டனர். பெர்லினில் அதன் அலுவலகம் இருந்த தெருவின் பெயரால் அத்திட்டம் 'டி-4' எனப்பட்டது. 1941 ஆகஸ்டில் அது நிறுத்தப்பட்டதாக அறிவிக்கப்படுவதற்குள் எழுபதாயிரத்திற்கும் மேற்பட்டோர் ஆறு கொலைக்கூடங்களில் நச்சுப் புகையால் மாய்க்கப்பட்டனர். அதன் பின்னரும் பட்டினியாலும் மருந்தாலும் கொலைகள் தொடர்ந்தன.

இத்திட்டத்திற்காகக் காப்பகங்களுக்கு அனுப்பப்பட்ட படிவத்தில் ஒரு வினா சிறப்பிடம் பெற்றிருந்தது. இந்நோயாளி என்ன வேலை செய்கிறார் என்பதே அவ்வினா. துணி துவைப்போரும் தோட்ட வேலை செய்வோரும் உயிர்பிழைக்கச் சற்று வாய்ப்பிருந்தது; எவ்வேலையும் செய்யாதவர் என்று எழுதப்பட்டோர் மரணப் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். உழைப்பு அங்கே உயிருக்கு விதிக்கப்பட்ட விலையாயிற்று. கேம்ப்ஹில் வரலாற்றைப் படிப்போர் இதனை மறத்தலாகாது. அதே ஆண்டுகளில், அதே மக்களுக்கு, உழைப்பு என்பதற்கு முற்றிலும் வேறான பொருளை ஒரு குழுவினர் கண்டறிந்தனர்.

கேம்ப்ஹில் தோன்றியது

சிதறிய வியன்னாக் குழுவினர் பிரிட்டனில் மீண்டும் கூடினர். ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகருக்கு வடமேற்கே, கிர்க்டன் இல்லம் எனப்பட்ட பழைய வீடொன்று அவர்களுக்குக் கிடைத்தது. 1939ஆம் ஆண்டு மே மாதம் அங்குப் பணி தொடங்கிற்று. ஆங்கிலம் அரைகுறையாகவே பேசத் தெரிந்த அவர்கள், தங்கள் கையாலேயே தோட்டமிட்டு, சமைத்து, வீட்டைச் செப்பனிட்டு, சிறப்புத் தேவையுடைய சில குழந்தைகளோடு ஒரே கூரையின்கீழ் வாழலாயினர்.

அடுத்த ஆண்டே பேரிடி விழுந்தது. 1940 மே மாதத்தில், செருமன் மொழி பேசும் நாட்டிலிருந்து வந்தோர் என்னும் ஒரே காரணத்தால், கூனிக் உள்ளிட்ட ஆடவர்கள் 'பகை நாட்டார்' எனக் கைது செய்யப்பட்டு மான் தீவில் அடைக்கப்பட்டனர். இட்லரிடமிருந்து தப்பி வந்தோர்க்கு நேர்ந்த கொடிய முரண் இது. எனினும் பணி நிற்கவில்லை. கூனிக்கின் துணைவியார் டில்லாவும் ஏனைய பெண்களும் குழந்தைகளை அழைத்துக்கொண்டு, 1940 ஜூன் முதல் நாளன்று, டீ ஆற்றங்கரையில் இருந்த கேம்ப்ஹில் என்னும் பெரிய இல்லத்திற்குக் குடிபெயர்ந்தனர். இயக்கத்திற்கு நிலைத்த பெயரையும் இருப்பிடத்தையும் தேடித் தந்தவர்கள் அப்பெண்களே. ஆடவர்கள் விடுதலையாகி வந்தபோது, வளர்ந்துகொண்டிருந்த ஓர் இல்லம் அவர்களை வரவேற்றது.

இதே காலத்தில் சென்னையிலும் இதற்கு இணையான நிகழ்வொன்று நடந்தது. 1939இன் இறுதியில் பிரம்மஞான சபையின் அழைப்பையேற்று மாண்டிசோரி அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்துக்கொண்டிருந்தார். 1940இல் இத்தாலி போரில் இறங்கவே, பிரிட்டிஷ் அரசு அவருடைய மகன் மரியோவைக் காவலில் வைத்தது. மாண்டிசோரியும் அடையாறு வளாகத்தைவிட்டு வெளியேறாதவாறு தடுக்கப்பட்டார். கையின் வழியே அறிவை வளர்க்கலாம் என்று நம்பிய இருவரும், இரு கண்டங்களில், ஒரே ஆண்டில், ஒரே அரசால் பகைவராகக் கருதப்பட்டது வரலாற்றின் விந்தை.

பாட்டன் என்னும் கிராமம்

போருக்குப் பின் கேம்ப்ஹில் பள்ளிகள் வளர்ந்தன. குழந்தைகளும் வளர்ந்தனர். பள்ளி வயதைக் கடந்த இளைஞர்களின் பெற்றோர், "இனி எங்கே?" என்று வினவினர். அந்நாளில் அவர்களுக்கு எஞ்சியிருந்தவை நூற்றுக்கணக்கானோரை ஒருங்கே அடைத்துவைக்கும் பெருவிடுதிகள் மட்டுமே. இவ்வினாவுக்கு விடையாகவே வயது வந்தோர்க்கான கிராமம் ஒன்று திட்டமிடப்பட்டது. 1955ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் வடக்கு யார்க்சயர் மேட்டுநிலப் பள்ளத்தாக்கு ஒன்றில் பாட்டன் கிராமம் உருவாயிற்று. பதிப்புத் தொழிலில் பெயர்பெற்ற மாக்மில்லன் குடும்பத்தினர் அதற்குத் துணைநின்றனர்.

அக்கிராமத்தில் நோயாளர் என்றோ பணியாளர் என்றோ பிரிவில்லை. உதவி தேவைப்படுவோரும் உதவி புரிவோரும் குடும்பம்போல் ஒரே வீட்டில் வாழ்ந்தனர். ஒரே மேசையில் உண்டனர். காலையில் அவரவர் தொழிற்கூடத்திற்குச் சென்றனர். பண்ணைகளில் பால் கறக்கப்பட்டது. பாற்கூடத்தில் பாலாடைக்கட்டி உருவாயிற்று. அடுமனையில் ரொட்டி வெந்தது. மரவேலை, மெழுகுவத்தி வார்ப்பு, பொம்மை செய்தல், கண்ணாடியில் சித்திரம் செதுக்குதல், நெசவு எனப் பல தொழில்கள் நடந்தன. செய்த பொருள்கள் விற்பனையாயின. இரக்கத்தால் வாங்கப்படும் பொருளாக அவை இருத்தலாகாது, தரத்தால் வாங்கப்படும் பொருளாகவே இருத்தல் வேண்டும் என்பதில் கிராமத்தார் உறுதியாக இருந்தனர்.

செய்த வேலைக்குக் கூலி என்னும் கணக்கு அங்கு இல்லை. ஒவ்வொருவரும் தம்மால் இயன்ற அளவு உழைத்தனர். ஒவ்வொருவர்க்கும் தேவையான அளவு கிடைத்தது. ஒரு நாளில் பத்து மெழுகுவத்தி செய்பவரும் ஒன்று செய்பவரும் ஒரே உணவை உண்டனர். உழைப்பின் அளவைக் கொண்டு உயிரை எடைபோட்ட கொடுங்கோலர்க்கு அக்கிராமம் சொல்லாமல் சொன்ன மறுமொழி அதுவே.

கைத்தொழில் ஏன் பயன்படுகிறது?

நெசவையே சான்றாகக் கொள்ளலாம். பாவு விரிக்கப்பட்ட தறியின்முன் ஓர் இளைஞன் அமர்கிறான். மிதியை மிதிக்கிறான், நாடாவை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செலுத்துகிறான், பலகையை இழுத்து ஊடையை நெருக்குகிறான். இம்மூன்றே செயல்கள் மீண்டும் மீண்டும் நிகழ்கின்றன. அடுத்து என்ன வரும் என்பது அவனுக்குத் தெரியும். எதிர்பாராத மாற்றங்களால் கலங்கும் ஆட்டிசம் உடையோர்க்கு இவ்வொழுங்கே அமைதி தருகிறது.

தவறு நேர்ந்தால் யாரும் கடிந்துரைக்க வேண்டியதில்லை. துணியே அதனைக் காட்டிவிடும். நான்கு இழை பின்சென்று பிரித்தால் சரியாகிவிடும். சொல்லால் திருத்தப்படும்போது குன்றிப்போகும் மனம், பொருளால் திருத்தப்படும்போது கற்றுக்கொள்கிறது. மாலையில் துணி ஒரு சாண் வளர்ந்திருக்கும். தன் உழைப்பைக் கண்ணால் கண்டு, கையால் தொட்டு, பிறர்க்குக் காட்டவும் முடிகிறது. பேச்சில் இடர்ப்படுவோர்க்கு அத்துணியே பேச்சாகிறது.

ஆயினும் எல்லார்க்கும் ஒரே தொழில் பொருந்தாது. தறியின் ஓசையைத் தாங்க இயலாதோர் உண்டு. களிமண்ணின் ஈரத்தைத் தீண்ட விரும்பாதோர் உண்டு. எவருக்கு எது இசையும் என்று பொறுமையோடு கண்டறிவதே ஆசிரியரின் முதற்கடமை. ஒரு தொழிலைச் சிறு சிறு படிகளாகப் பகுத்தல், ஒவ்வொரு படியையும் படத்தால் காட்டுதல், வேலை எங்குத் தொடங்கி எங்கு முடிகிறது என்பதைத் தெளிவாக்குதல் ஆகியவை இன்று பரவலாகப் பின்பற்றப்படும் முறைகள். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் எரிக் ஷாப்ளர் தலைமையில் 1972இல் தொடங்கப்பட்ட 'டீச்' திட்டம் இம்முறைகளை ஆட்டிசம் உடையோர்க்கென வகுத்தளித்தது.

நூலால் பேசிய பெண்

கேம்ப்ஹில்லைச் சாராத மற்றொரு வரலாறும் இங்கு நினைக்கத்தக்கது. அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் 1943இல் இரட்டையராகப் பிறந்த சகோதரியருள் ஒருவர் ஜூடித் ஸ்காட். அவருக்கு டவுன் சிண்ட்ரோம் இருந்தது. குழந்தைப் பருவத்திலேயே செவிப்புலனையும் இழந்தார். ஆனால் அதனை எவரும் கண்டறியவில்லை. பேச்சுக்கு மறுமொழி கூறாமையால், கல்விக்குத் தகுதியற்றவர் என்று முடிவு கட்டினர். ஏழு வயதில் அரசு விடுதியில் விடப்பட்ட அவர், அங்கேயே முப்பத்தைந்து ஆண்டுகளைக் கழித்தார்.

1980களின் நடுவில் இரட்டைச் சகோதரி ஜாய்ஸ் அவருக்குச் சட்டப்படி பாதுகாவலராகித் தம் ஊருக்கு அழைத்து வந்தார். 1987இல் கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் உள்ள 'கிரியேட்டிவ் குரோத்' கலைக்கூடத்தில் சேர்த்தார். மாற்றுத்திறனாளிகளுக்காக 1974இல் தொடங்கப்பட்டது அக்கூடம். அங்கு ஜூடித் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் எதிலும் ஈடுபாடு காட்டவில்லை. தாளில் ஏதோ கிறுக்கினார், அவ்வளவே. ஆயினும் அவரை எவரும் வெளியேற்றவில்லை.

பின்னர் ஒருநாள் நூலும் துணியும் கொண்டு நடந்த வகுப்பில் அவர் கைகள் விழித்தெழுந்தன. கையில் கிடைத்த பொருள்களைச் சேர்த்துக் கட்டி, அவற்றின்மேல் நூலையும் துணிக்கீற்றுகளையும் அடுக்கடுக்காகச் சுற்றிப் பெரிய உருவங்களை அமைக்கத் தொடங்கினார். ஓர் உருவத்திற்கு வாரங்களும் மாதங்களும் ஆயின. எவரும் அவருக்கு மாதிரி காட்டவில்லை. 2005இல் மறையும்வரை அவர் படைத்தவை ஏறக்குறைய இருநூறு. 2014இல் நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகம் அவற்றைத் தனிக் கண்காட்சியாக வைத்தது. கற்பிக்க இயலாதவர் என்று நெடுங்காலமாகக் கருதப்பட்டவர் இவர். அவருக்குத் தேவைப்பட்டவை, அவரை மறவாத ஓர் உடன்பிறப்பும், இரண்டு ஆண்டுகள் காத்திருக்கக்கூடிய ஒரு கூடமும், சிறிது நூலுமே.

எழுந்த வினாக்கள்

இவ்வரலாற்றில் நிறைவுகள் மட்டுமே உள்ளன எனல் உண்மையாகாது. தனிக் கிராமத்தில் வாழ்வது உலகத்திலிருந்து ஒதுங்குவதாகாதா என்னும் வினா எழுந்தது. ஊதியமின்றி ஒருங்கு வாழும் முறை, இன்றைய தொழிற்சட்டங்களோடும் பராமரிப்பு விதிகளோடும் பொருந்துமா என்பது பற்றி, பாட்டன் உள்ளிட்ட இங்கிலாந்துக் கிராமங்களில் கடும் கருத்து மோதல்கள் நிகழ்ந்தன. பழைய வாழ்முறை பெரிதும் மாறியது. பல நாடுகளில், 'பயிற்சி' என்னும் பெயரால் மாற்றுத்திறனாளிகளை ஆண்டுக்கணக்கில் மிகக் குறைந்த கூலிக்கு உழைக்கவைத்த பட்டறைகளும் இருந்தன. ஒரே உறையை ஒட்டிக்கொண்டு வாழ்நாள் முழுதும் அமர்ந்திருப்பது தொழிலாகாது.

2006இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை இதற்கொரு வரையறை தந்தது. தாமே விரும்பித் தேர்ந்த தொழிலைப் பிறரோடு சமமாகச் செய்து வாழ்வதற்கான உரிமை அனைவர்க்கும் உண்டு என்று அதன் 27ஆம் பிரிவு கூறுகிறது. கைத்தொழில் தன்னம்பிக்கைக்கு வாயிலாகலாம். ஆனால் அவ்வாயில் வெளியுலகை நோக்கித் திறந்திருத்தல் வேண்டும்.

இந்தியாவில் இன்று

இந்தியா அவ்வுடன்படிக்கையை 2007இல் ஏற்றது. அதற்கு முன்னரே ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பன்முகக் குறைபாடு ஆகியவை உடையோரின் நலனுக்காக 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. பதினெட்டு வயது நிரம்பியவர்க்குச் சட்டப்படிப் பாதுகாவலரை நியமிக்க, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழு அச்சட்டத்தின்கீழ் செயல்படுகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அரசுப் பணிகளில் நான்கு விழுக்காடு இடங்களை ஒதுக்கி, அவற்றுள் ஒரு விழுக்காட்டை ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் ஆகியவை உடையோர்க்கும் பன்முகக் குறைபாடு உடையோர்க்கும் உரியதாக்குகிறது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பன்முகக் குறைபாடு உடையோர்க்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்கிவருகிறது. இவ்வாய்ப்புகளை அறியாமலே பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்கும் குடும்பங்கள் இன்றும் பல.

முடிவுரை

நாடிழந்து வந்தோர், உலகம் வேண்டாவென ஒதுக்கிய பிள்ளைகளோடு வாழத் தொடங்கிய ஒரு வீடு, இன்று இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட சமூகங்களாகப் பரவியுள்ளது. அதன் நிறுவனர் கூனிக் 1966இல் மறைந்தார். அவர் விட்டுச்சென்றவற்றுள் தலையாயது ஒரு பழக்கமே. ஒருவரைக் காணும்போது "இவரால் என்ன பயன்?" என்று கேளாமல், "இவர் கைக்கு எது இசையும்?" என்று கேட்கும் பழக்கம் அது.

அவ்வினாவைக் கேட்க ஒரு கிராமம் வேண்டுவதில்லை. ஒரு குடும்பத்தின் சமையலறையிலும், ஒரு கடையின் பொதி கட்டும் மேசையிலும், ஒரு கோயிலின் மாலை தொடுக்கும் திண்ணையிலும் கேட்கலாம். விழாக்காலத்தில் உற்றார் உறவினர் கூடும் இடத்திற்குத் தம் பிள்ளையை அழைத்துவரத் தயங்கும் பெற்றோர் எங்கும் உள்ளனர். அப்பிள்ளையின் கையில் ஓர் ஊசியையும் நூலையும் கொடுத்து, அருகில் அமர்ந்து, அவன் ஒரு மலரைக் கோத்து முடிக்கும்வரை காத்திருக்கும் உறவினர் ஒருவர் அங்கே இருப்பாராயின், அப்பெற்றோரின் தயக்கம் நீங்கும். அடுத்த ஆண்டு அப்பிள்ளையே பெற்றோரை விழாவுக்கு அழைத்துவரும்.